பங்கு போட முடியாத பணம்

ஜனவரி முதல் நாள் ஒரு வீட்டு உண்டியலில் ஒரு காசு போடப்படுகிறது. மறுநாள் இரண்டு காசு. மூன்றாம் நாள் நான்கு காசு. இப்படியே ஒவ்வொரு நாளும் முந்திய நாள் போட்டதைப்போல் இரு மடங்கு போட்டுக்கொண்டே போக வேண்டும் என்பது ஏற்பாடு. கடைகளில் ஒரு காசு நாணயத்தைக் கண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது வேறு விஷயம். கணக்குக்காக அதை மன்னித்துவிடலாம்.

ஒரு வாரம் முடிந்ததும் உண்டியலில் இருப்பது 1 வெள்ளி 27 காசு. தேநீருக்குக்கூடப் போதாது. 15 நாள் முடிவில் 327 வெள்ளி 67 காசு. 20ஆம் நாள் 10,485 வெள்ளி 75 காசு ஆகும்போதுதான் வீட்டில் உள்ளவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஜனவரி 31ஆம் தேதி இரவு எண்ணிப் பார்த்தால் மொத்தம் 21,474,836 வெள்ளி 47 காசு. காசாகவே சொல்வதென்றால் 2,147,483,647 காசு. அதாவது, இரண்டு பில்லியன் நூற்று நாற்பத்தேழு மில்லியன் நானூற்று எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு.

இந்தப் பணத்தை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிட முடியுமா? ஆளுக்கு 7,158,278 வெள்ளி 82 காசு கொடுத்தால் ஒரு காசு மிஞ்சுகிறது. நான்கு பேருக்குக் கொடுத்தாலும் மிஞ்சும். ஐந்து, ஏழு, பதினொன்று, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என எத்தனை பேரை வரிசையில் நிறுத்தினாலும் கடைசியில் சில காசுகள் மிஞ்சியே தீரும். ஒருவரே முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 2,147,483,647 பேர் ஆளுக்கு ஒரு காசு எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் வேறு வழியே கிடையாது.

தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் இத்தகைய எண்களைத்தான் ஆரம்பப் பள்ளிக் கணிதப் பாடத்தில் பகா எண் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். 2, 3, 5, 7, 11 என்று மனப்பாடம் செய்த அந்த வரிசையில் வெகு தூரம் தள்ளி நிற்கும் ஓர் உறுப்பினர்தான் இந்த 2,147,483,647. எண்களின் கதை என்றதும் தமிழர்களுக்கு இராமானுஜனும் 1729 என்ற வாடகைக் கார் எண்ணும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் 1729 பகா எண் அன்று. 7, 13, 19 ஆகிய மூன்றையும் பெருக்கினால் அது வந்துவிடும். இங்கே பேசப்படும் எண் அப்படி உடைந்து கொடுப்பதில்லை. அது உடையாது என்று மனிதன் உறுதி செய்துகொள்வதற்கே நூற்றாண்டுகள் பிடித்தன. இன்று பல கணினிகளின் கடிகாரம் முட்டி நிற்கப்போகும் சுவரும் அதே எண்தான்.

மாதத்துக்கு மாதம் மாறும் கதை

இதே உண்டியலை ஏப்ரல் மாதத்தில் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முப்பது நாளில் சேர்வது 10,737,418 வெள்ளி 23 காசு. இதை மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 3,579,139 வெள்ளி 41 காசாக மிச்சமின்றிப் பிரித்துக்கொள்ளலாம். ஏழு பேரும் பிரித்துக்கொள்ளலாம். 31 பேரும் பிரித்துக்கொள்ளலாம்.

காரணம் எளிமையானது. முப்பது நாளை மூன்று மூன்று நாளாகக் கட்டினால் பத்துக் கட்டுகள் கிடைக்கும். முதல் மூன்று நாள் 1, 2, 4 காசு, மொத்தம் 7. அடுத்த மூன்று நாள் 8, 16, 32. மொத்தம் 56, அதாவது ஏழின் எட்டு மடங்கு. அடுத்தது 64, 128, 256. மொத்தம் 448, ஏழின் 64 மடங்கு. எந்தக் கட்டை எடுத்தாலும் ஏழின் மடங்கு. அப்படியானால் மொத்தமும் ஏழின் மடங்காகத்தானே இருக்க முடியும்? இரண்டிரண்டு நாளாகக் கட்டினால் இதே காரணத்தால் மூன்றின் மடங்கு வரும். ஐந்தைந்தாகக் கட்டினால் 31இன் மடங்கு வரும். நாள்களைச் சமமாகக் கட்ட முடிந்தால் காசையும் சமமாகப் பிரிக்க முடியும் என்பதே இதன் பொருள்.

31 நாளை அப்படிக் கட்ட முடியாது, ஏனெனில் 31 ஒரு பகா எண். ஆக, மொத்தமும் பகா எண்ணாகிவிட்டது என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். பலர் அப்படித்தான் நினைத்தார்கள், கணித மேதைகள் உட்பட. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் 29 நாள் பிப்ரவரி அந்த எண்ணத்தைக் கவிழ்த்துவிடுகிறது. 29 பகா எண்தான். 29 நாளில் சேரும் தொகை 536,870,911 காசு. இது பகா எண் அன்று! 233, 1103, 2089 ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது அது. 233 பேர் வந்து கேட்டால் தாராளமாகப் பங்கிட்டுக் கொடுக்கலாம்.

ஆகவே நாள்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருப்பது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. 28, 29, 30, 31 ஆகிய நான்கு விதமான மாதங்களில், பங்கு போட முடியாத பணத்தைச் சேர்த்துக் கொடுப்பது 31 நாள் மாதம் ஒன்றுதான்.

பாதிரியாரின் பட்டியல்

இரண்டை இரண்டால் பலமுறை பெருக்கி, வந்த விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். உண்டியலில் சேர்ந்த தொகைகள் எல்லாமே அந்த வகைதான். அவற்றுள் பகா எண்ணாக அமைபவை மெர்சென் பகா எண்கள். மரின் மெர்சென் என்பவர் 17ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவத் துறவி. ஐரோப்பாவின் அறிஞர்களுக்கு இடையே கடிதங்கள் அவர் வழியாகவே போய்க்கொண்டிருந்தன எனலாம். 1644இல் அவர் வெளியிட்ட நூலில், 257 வரையிலான எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் தந்தார். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்பது அந்தப் பட்டியல்.

அவர் எல்லாவற்றையும் வகுத்துப் பார்த்திருக்க முடியாது என்பது அக்காலத்தவர்களுக்கே தெரியும். பின்னாளில் பார்த்தபோது 67உம் 257உம் தவறு. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டிருந்தன. ஆனாலும் பட்டியலில் அவருடைய பெயர் நிலைத்துவிட்டது. சரியாகச் செய்தவரைவிட முதலில் துணிந்து சொன்னவரின் பெயர் நிற்பது கணிதத்திலும் உண்டு போலும்.

அவருக்கும் முன்பே, 1603இல், இத்தாலியின் பொலோஞா நகரத்துக் கணித அறிஞர் பியெத்ரோ கட்டால்டி 23, 29, 31, 37 ஆகிய நான்கு அடுக்குகளுக்கும் பகா எண் கிடைக்கும் என்று எழுதியிருந்தார். நான்கில் மூன்று தவறு. 31 மட்டுமே சரி. ஆனால் அது சரி என்பதை அவராலும் நிரூபிக்க முடியவில்லை. மெர்செனாலும் முடியவில்லை. அந்த வேலை ஒருவருக்காகக் காத்திருந்தது.

பார்வையற்றவர் செய்த வகுத்தல்

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையிலுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2,147,483,647இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 46,341. அதற்குள் கிட்டத்தட்ட 4,800 பகா எண்கள் இருக்கின்றன. பத்து இலக்க எண்ணை 4,800 முறை கையால் வகுப்பது என்றால் யாருக்கும் தலை சுற்றும். ஒரே ஒரு தவறு நேர்ந்தாலும் முழு உழைப்பும் வீண்.

சுவிட்சர்லாந்தில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய லியோன்ஹார்டு ஆய்லர் இதில் இறங்கியபோது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. வலக்கண் பல ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. இடக்கண்ணுக்கு 1771இல் செய்த அறுவை சிகிச்சையும் கைகொடுக்கவில்லை. அதே ஆண்டு நகரில் ஏற்பட்ட தீயில் அவருடைய வீடும் எரிந்தது. கணக்குகளை மனத்திலேயே போட்டு மற்றவர்களை எழுதச் சொல்லி வாழ்ந்த காலம் அது. 1772இல், பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கணித அறிஞருக்கு அனுப்பிய கடிதத்தில், இந்த எண் பகா எண்தான் என்று ஆய்லர் தெரிவித்தார்.

அவர் 4,800 முறை வகுக்கவில்லை. எந்தக் கதவுகளைத் தட்ட வேண்டும், எவற்றைத் தட்டவே வேண்டாம் என்று முதலில் பிரித்துக்கொண்டார். அதற்கு இரண்டு விதிகள் துணை நின்றன.

முதல் விதி, 1640இல் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா மெர்செனுக்கு எழுதிய கடிதத்தில் இருந்தது. 31 நாள் தொகையை ஏதேனும் ஒரு பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 62இன் மடங்காக இருக்க வேண்டும். 62 என்பது 31இன் இரு மடங்கு. இந்த விதி உண்மையா என்று பார்க்க 29 நாள் பிப்ரவரிக்குத் திரும்பிப் போகலாம். அங்கே இரு மடங்கு 58. 233இலிருந்து ஒன்று போனால் 232, அது 58இன் நான்கு மடங்கு. 1103இலிருந்து ஒன்று போனால் 58இன் 19 மடங்கு. 2089இலிருந்து ஒன்று போனால் 58இன் 36 மடங்கு. மூன்றும் விதிக்கு அடங்கி நிற்கின்றன.

இரண்டாம் விதி இன்னும் நெருக்குவது. வகுக்கும் பகா எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வர வேண்டும். 3உம் 5உம் வரக்கூடாது. இரண்டு விதிகளையும் சேர்த்தால் 248இன் மடங்கோடு 1 கூட்டிய எண்களும், 248இன் மடங்கோடு 63 கூட்டிய எண்களும் தவிர மற்ற அனைத்தும் கழிந்துவிடுகின்றன. மிஞ்சுபவை 372 எண்கள். அவற்றிலும் பகா எண் அல்லாதவற்றைத் தள்ளிவிட்டால் வேலை நூற்றுக்கும் குறைவான வகுத்தல்களில் முடிந்துவிடும்.

நேரம் இருக்கும் வாசகர்கள் ஒரு தாளை எடுத்து முதல் இரண்டைச் செய்து பார்க்கலாம். தகுதி பெறும் முதல் பகா எண் 311. 2,147,483,647ஐ அதால் வகுத்தால் மீதி 35. அடுத்துத் தகுதி பெறுவது 1303 வரை இல்லை. அதால் வகுத்தால் மீதி 226. இப்படியே 46,000ஐத் தாண்டும் வரை எங்கும் மீதி பூஜ்யம் வரவில்லை என்பதுதான் ஆய்லரின் நிரூபணம். கைக்கு அடக்கமான கால்குலேட்டரும் பொறுமையும் இருந்தால் ஓர் இடைநிலைப்பள்ளி மாணவர் இரண்டு நாளில் முடித்துவிடக்கூடிய வேலை. விதிகளைக் கண்டுபிடிப்பது வேறு வேலை.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1876இல், பிரான்சின் எதுவார் லூக்கா வகுத்தலே வேண்டாத ஒரு சோதனையைக் கண்டறிந்தார். அதை அமெரிக்கரான லேமர் 20ஆம் நூற்றாண்டில் செப்பனிட்டார். 4இல் தொடங்கி, தன்னைத் தன்னால் பெருக்கி 2ஐக் கழித்துக்கொண்டே போக வேண்டும். ஐந்து நாள் உண்டியலுக்கு, அதாவது 31 காசுக்கு, மூன்று படி போதும். 4, பிறகு 14, பிறகு 194, பிறகு 37,634. கடைசி எண் 31ஆல் மீதியின்றி வகுபடுகிறது; ஆகவே 31 பகா எண். முப்பத்தொரு நாள் உண்டியலுக்கு 29 படி. ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண் வீங்காது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 41,024,320 இலக்கங்கள் கொண்ட மெர்சென் பகா எண்ணும் இந்தச் சோதனையைக் கடந்து உறுதி செய்யப்பட்டதுதான்.

எந்தெந்த வகை?

இந்த எண்ணுக்கு அடையாள அட்டை எடுப்பதென்றால் பல கட்டங்களை நிரப்ப வேண்டியிருக்கும். ஒற்றைப்படை எண். பகா எண். சிறியதிலிருந்து எண்ணினால் எட்டாவது மெர்சென் பகா எண். 4ஆல் வகுத்தால் மீதி 3 வருவதால், 13ஐ 4 கூட்டல் 9 என்று எழுதுவதுபோல் இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுத முடியாது. 11, 13 போல இரண்டு தள்ளி நிற்கும் இரட்டைத் துணையும் இதற்கில்லை. இரண்டு குறைவாக உள்ள எண் ஐந்தால் வகுபடும், இரண்டு கூடுதலாக உள்ள எண் மூன்றால் வகுபடும்.

அக்கம்பக்கத்தார் சுவையானவர்கள். ஒன்று குறைவாக உள்ள 2,147,483,646 என்பது 30 நாள் தொகையின் இரு மடங்கு. 2, 3, 7, 11, 31, 151, 331 என்று ஏழு வெவ்வேறு பகா எண்கள் அதை வகுக்கின்றன. ஒன்று கூடுதலாக உள்ள எண்ணோ இரண்டுகளை மட்டுமே பெருக்கி வந்தது. எல்லாருக்கும் இடம் கொடுக்கும் ஒரு வீட்டுக்கும் ஒரே குடும்பத்தார் மட்டும் வாழும் ஒரு வீட்டுக்கும் நடுவில், யாரையும் உள்ளே விடாத வீடாக இது நிற்கிறது.

எண்சோதிடம் பார்ப்பவர்கள் இலக்கங்களைக் கூட்டி 46 என்பார்கள், பிறகு 10, பிறகு 1 என்பார்கள். 10, 19, 28 ஆகியவற்றுக்கும் அதே 1தான். மேலே சொன்ன குணங்களில் ஒன்றுகூட அந்தக் கூட்டலில் மிஞ்சுவதில்லை.

இந்த எண்ணின் அடுக்காகிய 31உம் ஒரு மெர்சென் பகா எண்தான். 2ஐ ஐந்து முறை பெருக்கி ஒன்று கழித்தால் 31. 31 முறை பெருக்கி ஒன்று கழித்தால் நமது எண். ஆகவே இது இரட்டை மெர்சென் பகா எண். அடுத்த படியாக, 2ஐ 2,147,483,647 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால்? அந்த எண்ணுக்கு 646 மில்லியனுக்கும் அதிகமான இலக்கங்கள். ஆனால் அது பகா எண் அன்று என்பது 1983இலேயே தெரிந்துவிட்டது. 295,257,526,626,031 என்ற எண் அதை வகுக்கும். அந்த வகுக்கும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2,147,483,647இன் 137,490 மடங்கு சரியாக வருகிறது. ஃபெர்மாவின் பழைய விதி அங்கேயும் செல்லுபடியாகிறது.

இன்னோர் உறவும் உண்டு. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே கிடைக்கும் எண்ணை நிறைவெண் என்பார்கள். 6க்கு 1, 2, 3. 28க்கு 1, 2, 4, 7, 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைப் பெற்றுத் தரும் என்று யூக்ளிடு காலத்திலேயே தெரியும். உண்டியல் மொழியில் சொன்னால், மொத்தத் தொகையைக் கடைசி நாள் போட்ட காசால் பெருக்க வேண்டும். மூன்று நாள் தொகை 7, கடைசி நாள் போட்டது 4, பெருக்கினால் 28. முப்பத்தொரு நாள் உண்டியல் தருவது 2,305,843,008,139,952,128 என்ற 19 இலக்க நிறைவெண்.

இதைப் பார்த்துத்தான் 1811இல் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ தமது எண் கோட்பாட்டு நூலில் ஒரு தீர்ப்பு எழுதினார். மனிதன் கண்டுபிடிக்கப்போகும் நிறைவெண்களில் இதுவே ஆகப் பெரியது. இவை வேடிக்கைக்கு உதவுமே தவிர வேறு பயன் இல்லாதவை. எனவே இதற்கு மேல் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் கருத்து. அந்தத் தீர்ப்பின் முதல் பாதியை லூக்கா 1876இலேயே உடைத்தார். 127ஆம் அடுக்கு, 39 இலக்க மெர்சென் பகா எண்ணைத் தந்தது. இரண்டாம் பாதி உடைய இன்னும் நாளானது.

கணினிக்குள் வந்த எண்

கணினி எண்களை 0, 1 ஆகிய இரண்டு குறிகளால் எழுதுகிறது. ஒவ்வொரு குறிக்கும் ஒரு பிட் இடம். நெடுங்காலம் கணினிகள் ஒரு முழு எண்ணுக்கு 32 பிட் ஒதுக்கின. அதில் ஒன்று கூட்டலா கழித்தலா என்ற அடையாளத்துக்குப் போய்விடும். மிச்சம் 31. ஒவ்வோர் இடத்துக்கும் மதிப்பு 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 31 இடமும் நிறைந்தால் மொத்தம் என்ன? உண்டியல் கணக்கேதான். 2,147,483,647.

அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால், பழைய காரின் மீட்டர் 99,999 தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல் கணினி எண்ணும் சுழன்றுவிடும். ஆனால் பூஜ்யத்துக்கு அன்று, கழித்தல் 2,147,483,648க்கு. ஆகப் பெரிய வரவு ஒரே நொடியில் ஆகப் பெரிய கடனாக மாறுவது இது.

2014 டிசம்பரில் தென்கொரியப் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ காணொளி இந்த எல்லையைக் கடந்தபோது யூடியூப் நிறுவனம் தன் எண்ணிக்கைப் பலகையை 64 பிட்டுக்கு மாற்றியதாக அறிவித்தது. அது சிரித்துக்கொண்டு போகக்கூடிய செய்தி. 2015இல் வந்தது அப்படியன்று. போயிங் 787 ரக விமானம் 248 நாள் மின்சாரம் துண்டிக்கப்படாமல் தொடர்ந்து இயங்கினால், மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளின் உள்எண்ணி நிரம்பி, பறக்கும்போதே மின்சாரம் முழுவதும் நின்றுவிடக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்து, குறித்த கால இடைவெளியில் மின்சாரத்தை நிறுத்தி இயக்கும்படி உத்தரவிட்டது. நொடியை நூறாகப் பிரித்து எண்ணினால் 2,147,483,647 நிறைவதற்கு எடுக்கும் காலம் 248 நாளும் சில மணி நேரமும். ஆய்லர் வகுத்தலுக்குப் பயன்படுத்திய எண்ணும் 248தான். இது தற்செயல் ஒற்றுமை, இரண்டுக்கும் தொடர்பில்லை.

கணினிக்கு இந்த எண் எல்லையாக அமைந்ததற்கு அது பகா எண் என்பது காரணம் அன்று. 64 பிட் எல்லையான 9,223,372,036,854,775,807 பகா எண்ணே அன்று. அது 63 நாள் உண்டியல், மூன்று மூன்றாகக் கட்டலாம், ஆகவே ஏழால் வகுபடும். 32 பிட் எல்லை பகா எண்ணாக அமைந்தது ஓர் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தையும் சிலர் பயன்படுத்திக்கொண்டார்கள்.

விளையாட்டில் சீட்டுக் கலைக்கவும், போக்குவரத்து நெரிசலைக் கணினியில் பாவனை செய்து பார்க்கவும் ஒழுங்கில்லாத எண்கள் தேவை. இதற்கு 1960களிலிருந்து புழங்கும் ஒரு வழி உண்டு. ஓர் எண்ணை 16,807ஆல் பெருக்கி, 2,147,483,647ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி 16,807ஆல் பெருக்க வேண்டும். 1இல் தொடங்கினால் 16,807, பிறகு 282,475,249, பிறகு 1,622,650,073 என்று தாறுமாறாகத் தோன்றும் வரிசை கிடைக்கும். வகுக்கும் எண் பகா எண் என்பதால் மீதி ஒருபோதும் பூஜ்யமாகாது. 16,807ஐத் தேர்ந்தெடுத்த விதத்தால், 1 முதல் 2,147,483,646 வரை ஒவ்வோர் எண்ணும் சரியாக ஒருமுறை வந்த பிறகே வரிசை திரும்பும். மறைச்சொல் பாதுகாப்புக்கு இது ஆகாது, ஏனெனில் அடுத்து வருவதை யாரும் கணக்கிட்டுவிடலாம். ஆனால் பயனற்றது என்று பார்லோ ஒதுக்கிய எண் பல ஆண்டுகளாக நிரலாளர்களின் அன்றாடக் கருவியாகிவிட்டது.

2038 ஜனவரி 19, காலை 11.14

யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் நேரத்தை நாள், மாதம், ஆண்டு என்று வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி முதல் தேதி கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கின்றன. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அப்போது காலை 7.30, இன்றைய எட்டு மணி நேர வித்தியாசம் 1982இல்தான் வந்தது. அந்த நொடிக் கணக்கு 32 பிட்டில் வைக்கப்பட்டிருந்தால், 68 ஆண்டும் 18 நாளும் கழித்து 2,147,483,647ஐ எட்டும். நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில் அத்தகைய கணினி காட்டக்கூடிய தேதி 1901 டிசம்பர்.

2000ஆம் ஆண்டு பிறந்தபோது இரண்டு இலக்க ஆண்டுக் குழப்பத்தைப் பற்றி எழுந்த பரபரப்பு பலருக்கு நினைவிருக்கும். பெரிய விபரீதம் எதுவும் நடக்கவில்லை என்று இன்று அதைக் கேலி செய்வோர் உண்டு. முன்கூட்டியே பலர் இரவு பகலாகத் திருத்தியதால்தான் நடக்கவில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2038க்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. புதிய கணினிகளும் கைத்தொலைபேசிகளும் 64 பிட்டில் நொடிகளை எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை நிரம்ப 292 பில்லியன் ஆண்டுகள் ஆகும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி 2020இல், 32 பிட் கருவிகளிலும் 2038ஐத் தாண்டிச் செல்லும்படி திருத்தப்பட்டது.

கவலை மேசையில் இருக்கும் கணினியைப் பற்றியதன்று. சுவருக்குள்ளும் மின்தூக்கி அறையிலும் தொழிற்சாலை இயந்திரத்திலும் ஒருமுறை பொருத்தி மறக்கப்பட்ட சிறு கருவிகளைப் பற்றியது. யாரும் அவற்றுக்கு மென்பொருளைப் புதுப்பிப்பதில்லை. அவை இருபது, முப்பது ஆண்டு ஓடக்கூடியவை. எதிர்காலத் தேதிகளைக் கணக்கிடும் நிரல்களோ 2038 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 30 ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை 2038ஐத் தாண்டி விழும்போதே பழைய நிரல் தடுமாறும். கட்டடங்களையும் சிறு தொழில்களையும் நடத்துவோர் கண்காணிப்பு கேமரா, வருகைப் பதிவுக் கருவி, கதவுப் பூட்டு போன்றவற்றை வாங்கும்போது, 2038க்குப் பிறகும் நேரம் சரியாக ஓடுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பயன்பாட்டில் உள்ள கைத்தொலைபேசியின் தேதியை 2038க்கு நகர்த்திச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர்க்கலாம். 2016இல், தேதியை 1970க்கு மாற்றிப் பார்த்த சிலரின் ஐபோன்கள் மீண்டும் உயிர் பெறாமல் போயின.

சில கருவிகளில், கூட்டல் கழித்தல் அடையாளத்துக்கு ஒதுக்கிய அந்த ஓர் இடத்தையும் எண்ணிக்கைக்கே திருப்பிவிடுகிறார்கள். அப்போது நொடிக் கணக்கு 2106 பிப்ரவரி வரை தாக்குப்பிடிக்கும். உண்டியல் கணக்கில் இது 32ஆம் நாளும் காசு போடுவதற்குச் சமம். பிப்ரவரி முதல் தேதி இரவு மொத்தம் 42,949,672 வெள்ளி 95 காசு. 32ஐ இரண்டிரண்டாகக் கட்டலாம் அல்லவா? மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 14,316,557 வெள்ளி 65 காசு. ஒரு காசு மிச்சமில்லை.